கடைசி ஆட்டத்துக்கு ஆள் போடுகிறவர்

தேவாலயத்தில் திருவிழாப் பூசை முடிந்து ஊரே சாப்பாட்டு மேசையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, ருஜார் மட்டும் எதிர்த்திசையில் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வருகிறார். சிமென்ட் பெஞ்சைக் கைக்குட்டையால் தட்டுகிறார். கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, பக்கத்தில் வைக்கிறார். பிறகு அலுமினிய டப்பாவைத் திறக்கிறார். இரண்டு பாவ் ரொட்டி, நடுவில் பொரித்த முட்டை, ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். எந்த ஊர்த் திருவிழாவானாலும் இதேதான். நாலு பக்கத்து வீடுகளிலும் பன்றிக்கறி சோர்பொதேலும் கோழி சாகுத்திக் குழம்பும் ஆவி பறக்கும் சன்னாம் இட்லியும் மணக்க, மனிதர் ஆறிப்போன முட்டையை மென்றுகொண்டு, எந்த வாசலில் யார் நுழைகிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சால்செத் தாலுகாவில் திருவிழா அன்று ஒருவன் பசியோடு ஊரைத் தாண்டிப் போனால் அது அவனுக்கு அவமானம் இல்லை, ஊருக்கு அவமானம். முன்பெல்லாம் பெஞ்சுவரை வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் அசையமாட்டார். "வயிறு என்னோடது ரே. விசில் ஊரோடது" என்பார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், கூப்பிடுவதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். இப்போது எந்த ஊரிலாவது ஒரு நாய்தான் வந்து காலடியில் உட்காரும். அதற்கும் பாவின் ஓரத்தைத்தான் பிய்த்துப் போடுவார். முட்டை கிடையாது.

ருஜாருக்குத் தொழில் தையல். மட்காவ் பழைய சந்தைக்குப் பின்னால் கடை. கல்யாணக் கோட்டில் பேர் வாங்கிய கை. மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளைத் தோழனுக்கு, ஞானத்தகப்பனுக்கு என்று தாலுகாவில் பாதிப் பேருடைய தோள் அகலம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. எந்த ஊர்ப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், எந்தப் பிள்ளைக்கு எவன் ஞானத்தகப்பன், எந்த அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அளவெடுக்கும்போதே காதில் விழுந்துவிடும். இதைப் பார்த்துத்தான் கால்பந்துச் சங்கத்தார் ஒரு நாள் கூட்டமாக வந்து, லீக் ஆட்டங்களுக்கு நடுவர் போடும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். தான் உண்டு தன் கத்தரி உண்டு என்று இருந்த மனிதர், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

முதல் வருஷமே குடைய ஆரம்பித்துவிட்டது. ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவில் வாய்க்கு ருசியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரம் அதே ஊர் ஆடிய ஆட்டத்தில், அவர் போட்ட நடுவர் அந்த ஊருக்கு ஒரு பெனால்ட்டி கொடுத்துத் தொலைத்தார். அது நியாயமான பெனால்ட்டிதான். யார் கேட்டார்கள்? தோற்ற ஊர்க்காரர்கள் கோடை முழுக்க ருஜாரைப் பார்த்த இடத்தில் எல்லாம் "சோர்பொதேல் பெனால்ட்டி" என்று கத்தினார்கள். கோட்டு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளைகூட அளவு நாடாவுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைச் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு எடுத்த முடிவு: இந்த வேலையில் இருக்கும்வரை இன்னொரு வீட்டில் ஒரு பருக்கை தொடுவதில்லை. நல்ல முடிவுதான் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். இப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதைக் கழுத்தில் கட்டிய மணி மாதிரி ஊர் ஊராக ஆட்டிக்கொண்டு திரிவார் என்று யாருக்குத் தெரியும்.

புகார் சொல்ல வருகிறவர்களைச் சமாளிக்க அவரிடம் ஒரு வித்தை உண்டு. ஏதாவது ஒரு கிளப் ஆளின் தலை கடை வாசலில் தெரிந்ததும், நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வார். வாயில் ஊசி இருக்கிறவனிடம் யார் பதில் எதிர்பார்ப்பது? "உம்" ஒன்று, "ம்ஹும்" ஒன்று. வந்தவன் கத்திக் களைத்து ஓய்ந்ததும், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்துவார். கடைசி ஊசியும் குத்தியாயிற்று என்றால் முடிவு வரப்போகிறது என்று அர்த்தம். அதன் பிறகு யார் பேசினாலும் தையல் இயந்திரம்தான் பதில் சொல்லும்.

சீசன் தொடக்கத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இருக்காது. விசில் ஊதத் தெரிந்தவன் எவனையாவது அனுப்பினால் போதும். ஏப்ரல் பிறந்ததும் எல்லாருக்கும் வம்சாவளி ஞாபகம் வந்துவிடும். கடைசி ஆட்டங்கள் நெருங்க நெருங்க, ருஜார் துணி வெட்டும் மேசையில் சாக்கட்டியால் நடுவர்களின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு யோசிப்பார். வெயிலில் கடைசி நிமிஷம்வரை பந்தோடு ஓடக்கூடியவர் யார் என்றுதான் தொடங்குவார். அது சரியான தொடக்கம். அடுத்து, அந்த இரண்டு ஊரின் ஆட்டத்தை இந்த சீசனில் ஏற்கெனவே ஊதித் திட்டு வாங்கியவர்களை அழிப்பார். அதுவும் சரி. பிறகு பிறந்த ஊர், பெண் எடுத்த ஊர், ஞானத்தகப்பன் ஊர் என்று அழித்துக்கொண்டே போவார். கடைசியில் இந்த வருஷத் திருவிழாவில் யார் யார் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்பது வரும். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அப்போதுதான் வேலை செய்யும். சோறு போட்ட வீட்டுப் பக்கம் விசில் திரும்பும் என்பது இந்தத் தாலுகாவின் வேதவாக்கு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், திறமையில் தொடங்குகிற வேலை திருவிழாச் சோற்றில் வந்து முடியும். யாரும் சாப்பிடக் கூப்பிடாத ஆள் எவனோ, அவனுக்குத்தான் கடைசி ஆட்டம். யாரும் கூப்பிடாததற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா? ஒரு வருஷம் அப்படி வந்த ஒரு புண்ணியவான், பக்கக்கோட்டிலிருந்து கையால் எறிந்த பந்துக்கு, விதிப்படி ஆஃப்சைடே கிடையாத பந்துக்கு, ஆஃப்சைட் கொடுத்தார். மைதானத்தில் இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்த ஒரே நாள் அது. ஆனாலும் அவர் எந்த வீட்டிலும் சாப்பிடவில்லை என்று ருஜார் கடைசிவரை சாதித்தார்.

இந்தக் கூத்தில் அநியாயமாக மாட்டிக்கொண்டவன் இனாஸ். ருஜாருடைய மனைவி பியதாத்தின் தம்பி. படகுத்துறையில் ஃபெர்ரி ஓட்டுகிறான். மண்வெட்டி மாதிரிக் கை, ஆனால் விசிலை அளந்துதான் ஊதுவான். அவன் ஆட்டத்தில் கத்தல் இருக்காது. தவறு செய்த ஆட்டக்காரன் பக்கத்தில் போய் நின்று, ஃபெர்ரியில் ஏறக் காத்திருக்கும் மாட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான், அந்தப் பையன் தானே கையைத் தூக்கிவிடுவான். தாலுகாவில் அவனைப் போல் ஊதுகிறவர் இல்லை என்பது தோற்றவர்களே ஒத்துக்கொள்கிற விஷயம்.

ஆனால் இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு கடைசி ஆட்டம் கிடைத்ததில்லை. மேசையில் சாக்கட்டியால் எழுதும்போதே ருஜார் அவன் பெயரை எழுதமாட்டார். எழுதினால்தானே அழிக்க வேண்டும். இந்த சீசனோடு இனாஸுக்கு வயது வரம்பு முடிகிறது. அடுத்த சீசனில் விசிலை ஆணியில் மாட்ட வேண்டியதுதான். ஒரு முறையாவது, இரண்டு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆட்டத்தை ஊதிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவன் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அவனுக்கும் சேர்த்துப் பியதாத் கேட்டாள்.

"ஊர்ல அவனவன் மச்சினனுக்கு வேலை வாங்கித் தர்றான். என் தம்பி உன் மச்சினனா ஆன பாவத்துக்கு வெயில்ல பள்ளிக்கூடப் பசங்க ஆட்டத்துக்கு விசில் ஊதறான்" என்பாள்.

"ஜனங்க என்ன சொல்லும்?"

"ஜனங்க உன்னைப் பத்தி ஏற்கெனவே சொல்றதை நான் சொல்லட்டுமா?"

ருஜார் ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். வீட்டிலும் ஒரு ஊசித் திண்டு வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனாஸ் இருப்பது நெர்லிம் ஊரில். பியதாத்துக்குப் பிறந்த வீடும் அதுதான். மே மாதத்தில் அங்கே திருவிழா. பியதாத் முதல் நாளே போய்விடுவாள். ருஜார் பூசைக்கு மட்டும் வந்து, பிறகு அந்த ஊர்ப் பஸ் நிறுத்தத்திலும் டப்பாவைத் திறப்பார். மனைவியின் தம்பி வீடு, கூப்பிடு தூரம். இனாஸின் மனைவி கெருபினா ஒவ்வொரு திருவிழாவுக்கும் மேசையில் அவருக்கென்று ஒரு தட்டு போடுவாள். கவிழ்த்துப் போடுவாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும், அந்தத் தட்டை எடுத்து, சுத்தமாக இருப்பதையே ஒரு முறை துடைத்து, அலமாரியில் வைப்பாள். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பியதாத்துக்கு அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்காது.

இந்த வருஷம் வந்தது பாருங்கள் ஒரு வினை. லீக்கின் கடைசி ஆட்டம் தெர்வாலிம் ஊருக்கும் மொர்காணா ஊருக்கும் என்று அமைந்தது. நடுவில் ஒரு உப்பங்கழிதான். இந்தக் கரையில் மீன் வறுத்தால் அந்தக் கரையில் வாசனை பிடிப்பார்கள். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், சாவுக்குத் தோள் கொடுப்பார்கள். பந்து என்று வந்துவிட்டால் மட்டும் பாம்பும் கீரியும். இரண்டு டீமும் ஒரே புள்ளியில் நின்றன. ஜெயித்தால் மேல் லீக். இரண்டு ஊரும் ஒத்துக்கொள்ளும் நடுவர் கிடைக்காமல் ஆட்டம் நின்றுபோனால், சங்கத்தின் விதிப்படி, மூன்றாவதாக இருக்கிற டீம் படுத்துக்கொண்டே மேலே போய்விடும்.

தெர்வாலிம் கிளப்புக்குத் தலைவர் பொஸ்தியாவ். மூன்று பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் பேசுகிற குரலிலேயே எங்கேயும் பேசுவார். மொர்காணாவுக்குச் செயலாளர் ஜாகின் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர். மெதுவாகப் பேசி ஆளைக் கொல்லுவார். இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

ருஜார் முதலில் அந்துஷ் பேரைச் சொன்னார். அந்துஷின் பெண்டாட்டிக்கு அக்காள் மொர்காணாவில் இருக்கிறாள் என்று பொஸ்தியாவ் சத்தம் போட்டார். அந்த அக்காளும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்றார் ருஜார், ஊசிகளுக்கு நடுவில். திருவிழாவுக்குப் பேசிவிட்டார்கள் என்றார் பொஸ்தியாவ். அந்துஷ் அழிந்தார். அடுத்து தாமோதர். அவருக்கு ஓட்டுக் கடை. தெர்வாலிம் தேவாலயத்துக் கூரைக்கு ஓடு போட்டவர் அவர்தான், விலையிலும் குறைத்துக் கொடுத்தார் என்று ஜாகின் மாஸ்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். கடவுளுக்குக் குறைத்துக் கொடுத்ததை டீம் கணக்கில் எழுதலாமா என்று ருஜார் கேட்டால், கடவுள் எந்த ஊர்க் கூரைக்குக் கீழே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றார். தாமோதரும் அழிந்தார். மூன்றாவது எலிசேயு. அவருடைய ஞானத்தகப்பன் மொர்காணாக்காரர். அவர் செத்து எவ்வளவோ காலம் ஆகிறதே என்று ருஜார் ஊசியை எடுத்துவிட்டே கேட்டார். "அதான் பயமா இருக்கு ருஜார்பாப். இப்போ மேலேருந்து பார்ப்பார் இல்ல" என்றார் பொஸ்தியாவ். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.

மேசை துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. ஒரே ஒரு பேர் மிச்சம். புருஷோத்தம் பாகி. தூரத்துக் காணகோணாக்காரர், மின்சார இலாகாவில் லைன்மேன். இந்துவானதால் ஞானத்தகப்பன் தொல்லை கிடையாது. பெண் எடுத்தது மலைக்கு அந்தப் பக்கம். சால்செத்தில் அவருக்கு ஒரு ஈ காக்கை உறவில்லை. நன்றாகவும் ஊதுவார். பொஸ்தியாவும் யோசித்துப் பார்த்தார், ஜாகினும் கணக்குப் போட்டுப் பார்த்தார், குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று ருஜார் வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பியதாத் அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டாள். அந்தப் பேர் இனாஸ் இல்லை என்பது அந்தப் பாட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் பாட்டு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கடை வாசலில் ஜாகின் மாஸ்டர் வந்து நின்றார். அவரோடு, கூப்பிடாமலே, பொஸ்தியாவும் வந்திருந்தார். இருவரும் ஒன்றாக வந்ததைப் பார்த்ததும் ருஜார் வழக்கத்தைவிட இரண்டு ஊசி அதிகமாகக் கவ்விக்கொண்டார்.

ஜாகின் மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஒன்றுவிட்ட தங்கை பஸ்ஸில் வந்திருக்கிறாள். அதே பஸ்ஸில் நம்முடைய பாகி. மடியில் ஒரு பித்தளைப் பாத்திரம். தெர்வாலிமில் இறங்கி, பொஸ்தியாவின் வீடு எது என்று நாலு பேரிடம் விசாரித்து, நேரே அங்கே போயிருக்கிறார். பாத்திரம் நிறையக் காணகோணாச் சிவப்பு மிளகாய். "உறவே இல்லாத ரெஃப்ரி, தெர்வாலிம் தலைவர் வீட்டுக்கு மிளகாய் சுமக்கறாரு. எங்க ஊர்ல பசங்க பந்தைத் தொட மாட்டேங்கறாங்க ருஜார்பாப்" என்றார்.

பொஸ்தியாவ் தலையில் கையை வைத்துக்கொண்டார். தன் வீட்டுக்கு ஏன் மிளகாய் வந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம். யாரோ ஒரு மரியாதையான ஆள் வந்து பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனதாகப் பெண்டாட்டி சொன்னாளாம். வந்தவர் மூடியில் வெட்டியிருந்த பேரைக் காட்டிக் கேட்டாராம், நம் பாத்திரம்தானாம்.

ருஜாரின் கை அப்படியே நின்றது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தெர்வாலிம் திருவிழா அன்று, அவர் சாப்பிட வரமாட்டார் என்று தெரிந்தும், பொஸ்தியாவின் மனைவி பழைய மரியாதைக்காக ஒரு பாத்திரம் கோழி சாகுத்தியைக் கடைக்கே அனுப்பியிருந்தாள். அதைத் தொட்டால் விரதம் போயிற்று, கொட்டினால் பாவம். சாயங்காலம் வேறெங்கோ ஆட்டம் ஊதிவிட்டு, பசியில் கண் உள்ளே போய் பாகி வந்து நின்றார். ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். "பாத்திரத்தோட எடுத்துக்கிட்டுப் போ ரே" என்று ருஜார்தான் கொடுத்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அன்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டார். நல்ல தாய் வளர்த்த பிள்ளை பாகி. மூடியில் வெட்டியிருந்த பேரைப் படித்து, உரியவர் வீட்டைத் தேடிப் பாத்திரத்தைச் சேர்த்திருக்கிறார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஊரெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து யார் எங்கே சாப்பிட்டார்கள் என்று காவல் காத்த மனிதர், தன் கையாலேயே, தாலுகாவில் மிச்சமிருந்த ஒரே சுத்தமான வாயில் திருவிழாச் சோற்றை ஊட்டிவிட்டார். இதை எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

ருஜார் ஊசிகளை எடுத்தார். ஒன்று உதட்டைக் கீறிவிட்டது. "அந்தப் பாத்திரத்தைக் குடுத்தது நான்தான்" என்று மட்டும் சொன்னார். பொஸ்தியாவ் சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அன்று திங்கள்.

"இனாஸைப் போடுங்க" என்றார் ஜாகின் மாஸ்டர்.

ருஜார் நிமிர்ந்து பார்த்தார். அவன் தன் மச்சினன் என்றார், அவர்களுக்குத் தெரியாதது போல.

"தெரியும். அதுல எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல ருஜார்பாப். இத்தனை வருஷத்துல அவன் வீட்டுல நீங்க ஒரு பருக்கை தின்னதில்ல. ஒரு நல்ல ஆட்டம் குடுத்ததில்ல. உங்களுக்கு இந்தத் தாலுகாவுல அவனைவிடத் தூரமானவன் வேற யாரு இருக்கா?"

பொஸ்தியாவும் ஆமாம் போட்டார். இரண்டு ஊரும் பிறந்ததிலிருந்து ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அவர்கள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொல்லிவிட்டு, வேலை முடிந்த நிம்மதியில் ஒரே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு போனார்கள். ருஜார் அன்று முழுக்க ஒரு கோட்டின் கையை இரண்டு முறை தைத்துப் பிரித்தார். இடது கையை வலப்பக்கம் வைத்திருந்தார். பியதாத்திடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எப்படி வாய் வரும்? உன் தம்பிக்கு ஆட்டம் கிடைத்துவிட்டது, அவன் எனக்கு யாரும் இல்லை என்று ஊர் முடிவு செய்ததால் கிடைத்தது என்றா?

வியாழக்கிழமை நெர்லிமில் திருவிழா. பூசை முடிந்து ருஜார் வெளியே வந்தார். கால் பழக்கத்தில் பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பியது. பிறகு நின்று, இனாஸின் வீட்டைப் பார்த்து நடந்தார். உள்ளே போகிற எண்ணமில்லை. முற்றத்தில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். டப்பா கையில் இருந்தது.

ஜன்னல் வழியே மேசை தெரிந்தது. மேசை நிறைய ஆட்கள். அவர்களுக்கு நடுவில் பொஸ்தியாவ் ஒரு பக்கம், ஜாகின் மாஸ்டர் ஒரு பக்கம். நடுவர் வீட்டில் நாம் சாப்பிடலாமா என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. இவரும் தின்கிறார், அவரும் தின்கிறார், கழித்துப் பார்த்தால் பூஜ்யம் என்று கணக்கு வாத்தியார் சொல்லியிருப்பார். நடுவர் பேரை அறிவிப்பது ருஜாரின் வேலை என்பதால், விஷயத்தை இனாஸிடம் அவர்கள் இன்னும் சொல்லவில்லை. ஒரு மூலையில் அந்தத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. பியதாத் அதற்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"வா மச்சான்" என்றான் இனாஸ். எப்போதும் சொல்கிறதைப் போலத்தான் சொன்னான். வருவார் என்று எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

ருஜார் வாசற்படியில் நின்றபடியே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உனக்கு என்றார். பியதாத் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கெருபினா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். இனாஸின் முகம் ஒரு கணம் பள்ளிக்கூடத்துப் பையன் முகமாகிவிட்டது. எப்படிக் கிடைத்தது, இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டதா என்று கேட்டான். ருஜார் பதில் தேடுவதற்குள் ஜாகின் மாஸ்டர், வாய் நிறையச் சன்னாமோடு, தான் கண்டுபிடித்த கணக்கைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். கடையில் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றும் குறைக்கவில்லை.

இனாஸ் கையைத் துடைத்துக்கொண்டான். மைதானத்தில் தவறு செய்தவனைப் பார்க்கிற அந்தப் பார்வையை ருஜார் மேல் வைத்தான்.

"அப்போ எனக்கு வேண்டாம் மச்சான். நல்லா ஊதறான்னு குடு, வாங்கிக்கறேன். உனக்கு நான் ஒண்ணுமில்லேன்னு சொல்லிக் குடுக்காதே. அதுக்குப் பள்ளிக்கூடப் பசங்க ஆட்டமே மேல்."

ருஜார் கை தன்னையறியாமல் சட்டைக் காலரைத் தடவியது. ஊசி எப்போதும் அங்கேதான் குத்தியிருக்கும். திருவிழாச் சட்டையில் ஊசி இல்லை. பியதாத் அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லாததுதான் அவரைச் சுட்டது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டப்பாவை மேசைக்கு அடியில் வைத்தார்.

"இவன் என் மச்சினன்" என்றார், பொஸ்தியாவையும் ஜாகினையும் பார்த்து. "இவனை மாதிரி ஊதறவன் தாலுகாவுலயே இல்ல. இதை எப்பவோ சொல்லியிருக்கணும், என் புத்தியில மண்ணு. ஞாயித்துக்கிழமை இவன்தான் ஊதறான். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுக் கவிழ்ந்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவ்வளவு காலமும் யாரும் உட்காராத நாற்காலி, லேசாக முனகியது.

ஜாகின் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ருஜார்பாப், யோசிச்சுக்குங்க. அந்தத் தட்டைத் தொட்டீங்கன்னா கணக்கு மாறிடும்" என்றார்.

ருஜார் தட்டை நிமிர்த்தி வைத்தார்.

பொஸ்தியாவ் ஜாகினைப் பார்த்தார். ஜாகின் பொஸ்தியாவைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொன்னால் இவரும் சொல்லலாம் என்று இருவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். இனாஸ் யாரையும் பார்க்காமல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஜாகின் மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டு, தன் முன்னால் இருந்த சோர்பொதேல் கிண்ணத்தைப் பிடித்து, மேசைத் துணி சுருங்கச் சுருங்க, ருஜார் பக்கம் தள்ளினார்.